லோகோ படத்துக்கும் பிஎச்பியா?
பிஎச்பி மொழியின் இன்டர்பிரட்டரை (நிரலைப் படித்து இயக்கும் மென்பொருளை) வெப் சர்வருக்குள்ளேயே பதித்தால் வேகம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சிஜிஐ என்ற பழைய முறையோடு ஒப்பிட்டால் சரிதான், அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுப் பிராசஸ் (இயங்கும் நிரல்) கிளம்ப வேண்டும். ஆனால் அப்பாச்சி என்ற வெப் சர்வருக்குள் பிஎச்பியைப் பதிக்கும் மோட்_பிஎச்பி போட்டால், சின்ன லோகோ படத்தைக் கொடுக்கும் அப்பாச்சி பிராசஸும் பிஎச்பியை ராமில் சுமந்துகொண்டுதான் நிற்கும். சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு துணிக்கடையின் தளத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் 2 ஜிபி ராம் நிரம்பி, ஸ்வாப்பில் (ராமுக்குப் பதில் வட்டில்) இழுத்து, தளம் படுத்துவிட்டது. "தம்பி, சேலைப் படமே வரலையே!" என்று கடைக்கார அண்ணன் நள்ளிரவில் போன். அப்புறம்தான் பிஎச்பியைச் சர்வருக்கு வெளியே தனிப் பிராசஸ்களாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு மாறினேன் (2010லேயே பிஎச்பி 5.3.3 பதிப்போடு வந்துவிட்டது, நான்தான் தாமதம்). இப்போது படங்களை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நேராகவே கொடுக்கிறது. பிஎச்பிக்குத் தனியாக எட்டே பிராசஸ்.