அஞ்சு நம்பர் தயிர் கப்

(வேளச்சேரியில் ஒரு பழைய பேப்பர் கடை. வாசலில் கார். காருக்குள் ஆளில்லை, ஏசி மட்டும் ஓடுகிறது.)

சார்: இது அஞ்சு. இதுவும் அஞ்சு. இந்தத் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் ஒண்ணு.

கடைக்காரர்: காலி தயிர் கப் அஞ்சு ரூபாயா? தயிரோடு கொடுங்க, யோசிக்கிறேன்.

சார்: விலை இல்லை தம்பி. அடியில் பாருங்க, முக்கோணத்துக்குள் நம்பர் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அது எந்த ஜாதி என்று அர்த்தம். அஞ்சு என்றால் பாலிபுரொப்பிலீன். மறுசுழற்சி ஆகும்.

கடைக்காரர்: ஜாதி எழுதியிருக்கிறது, சரி. பெண் எடுக்க யார் வருவார்கள் என்று எழுதவில்லையே!

சார்: அப்படியென்றால் அஞ்சு எடுப்பதில்லையா?

கடைக்காரர்: ஏன் எடுக்காமல்? அதோ உடைந்த நாற்காலி கிடக்கிறதே, அதுவும் அஞ்சுதான். வந்த அன்றே எடை போட்டுவிட்டேன். அந்த நாற்காலி எடைக்குத் தயிர் கப் சேர்க்க நீங்க எத்தனை வருஷம் தயிர் சாதம் சாப்பிடணும்?

(பத்துப் பன்னிரண்டு கப்பைத் தராசில் கவிழ்க்கிறார். எண் ஏறுவதற்குள் மின்விசிறிக் காற்றில் இரண்டு கப் உருண்டு தெருவுக்குப் போகின்றன. சார் ஓடிப் போய்ப் பொறுக்கி வருகிறார்.)

சார்: மண் ஒட்டிவிட்டது. கழுவி எடுத்து வந்தேன் தெரியுமா? வெந்நீரில், சோப்புப் போட்டு.

கடைக்காரர்: எந்தத் தண்ணீர் சார்?

சார்: லாரித் தண்ணீர்தான். எங்கள் அபார்ட்மெண்டில் வேறென்ன வரும்?

கடைக்காரர்: லாரிக்கு டீசல், வெந்நீருக்கு கேஸ், காருக்குப் பெட்ரோல். இத்தனை செலவில் வந்த கப்பை நான் எடை போடக்கூடாது சார், மாலை போடணும்.

சார்: கிண்டல் வேண்டாம். இதைப் பாருங்க, சிப்ஸ் பாக்கெட். இது ஏழு.

கடைக்காரர்: ஏறிக்கொண்டே போகிறதே!

சார்: விலை இல்லை என்றேனே!

கடைக்காரர்: விலை இல்லை என்றுதான் நானும் சொல்கிறேன். உள்ளே பளபளவென்று இருக்கிறதே, அது அலுமினியம். பிளாஸ்டிக்கோடு பசையாக ஒட்டிக்கொண்டது. பிரிக்கிற செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம். தனி அலுமினியம் கொண்டு வாங்க, ராஜ மரியாதை. மண்ணிலிருந்து புதிதாக எடுக்க ஆகிற கரண்டில் நூற்றுக்கு அஞ்சு பங்கு போதும், பழசை உருக்க.

சார்: அதுவும் அஞ்சா?

கடைக்காரர்: இது வேற அஞ்சு. அந்தப் பெரிய வெள்ளைக் கட்டி என்ன, டிவி பெட்டி தெர்மோகோலா? அதைக் காருக்குள்ளேயே வையுங்க. அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்று. வண்டி வாடகை கொடுத்துக் காற்றை அனுப்ப எனக்கு வசதி இல்லை. சரி, பேப்பர், அட்டை, பால் கவர் எல்லாம் எங்கே?

சார்: அதையெல்லாம் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா எடுத்துப் போய்விடுவார். என்ன செய்வாரோ, தெரியவில்லை.

கடைக்காரர்: இங்கேதான் சார் போடுகிறார். மாசத்துக்கு இரண்டு தடவை, நடந்து வந்து. பால் கவரை ஓரம் வெட்டி, அலசி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு. உங்க வீட்டு மறுசுழற்சி அந்த அம்மாதான். நீங்க செய்வது பாத்திரம் தேய்க்கிற வேலை. இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொண்டீர்கள்.

சார்: (கொஞ்ச நேரம் பேசவில்லை) அப்போது பிரித்துப் போடுவதே வீண் என்கிறீர்களா?

கடைக்காரர்: ஐயோ, யார் சொன்னது? சோறு தனி, பேப்பர் தனி என்றிருந்தால்தான் எனக்குப் பிழைப்பே. சாம்பார் ஊறிய அட்டையை எந்த மில்லும் தொடாது. 2022இல் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள் கணக்காக எரிந்ததே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோமே, மறந்துவிட்டதா? மிச்சச் சோறு எல்லாவற்றோடும் அமுங்கி அழுகினால் வாயு வரும், வாயு வந்தால் பற்றும். அதற்கு முக்கோணமெல்லாம் வேண்டாம். சமையலறையில் எத்தனை வாளி வைத்திருக்கிறீர்கள்?

சார்: ஒன்றுதான்.

கடைக்காரர்: 2016லேயே விதி வந்துவிட்டதே! ஈரம், உலர், அப்புறம் பல்பு பேட்டரி மாதிரி ஆபத்தானது. அப்போதே மூன்று.

சார்: தெரியும் தம்பி. சிங்க் பக்கத்தில் இடமில்லை. கப் காய்கிறது.

(கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். பிறகு தண்ணீர் பாட்டில்களை மட்டும் நிறுத்து, ஒன்பது ரூபாயை எண்ணி நீட்டுகிறார். வீடு நாலு கிலோமீட்டர். பெட்ரோல் கணக்கை இருவரும் மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார்கள்.)

சார்: மிச்சத்தை எடுத்துப் போக ஒரு கவர் கொடுங்க. கொண்டு வந்த பை கிழிந்துவிட்டது.

கடைக்காரர்: கவரா? 2019இலிருந்து தடை சார்.

சார்: மேலே மூட்டை மூட்டையாகத் தொங்குகிறதே?

கடைக்காரர்: அது எடைக்கு வந்தது. வேண்டுமானால் ஒன்று உருவித் தருகிறேன். அஞ்சு.

சார்: நம்பரா, ரூபாயா?