வேலைக்குப் போறவனுக்கு ரிட்டர்ன் டிக்கெட் எதுக்கு?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியும். 2024 கடைசியில் ஒரு தம்பி பிரிண்ட் எடுக்க வந்தான். டிப்ளமோ முடித்தவன். ஆஃபர் லெட்டர் ஒரே ஒரு பக்கம். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, மாதம் 70 ஆயிரம், சாப்பாடும் ரூமும் ஃப்ரீ. கம்பெனிக்கு லோகோ இருந்தது, முகவரி இல்லை. கூடவே போக ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட்.

"வேலைக்குப் போறவனுக்கு ரிட்டர்ன் எதுக்குத் தம்பி?"

"இமிகிரேஷன்ல டூரிஸ்ட்னு காட்டணுமாம்ணே. ஏஜென்ட் சொன்னாரு."

மனசுக்கு உறுத்தியது. ஆனாலும் காசை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

பாங்காக்கில் இறங்கியவனைக் காரில் ஏழெட்டு மணி நேரம் ஓட்டிப்போய், தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் இறக்கி, ராத்திரியோடு ராத்திரியாக மோய் ஆற்றைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். அக்கரை மியான்மரின் மியாவடி. அங்கே ஒரு ஆன்லைன் மோசடி முகாமில் அடைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் போயிற்று. மேசையில் ஏழு போன், எல்லாவற்றிலும் இவன் ஒரு பெண். "சாப்டாச்சா" என்று ஆரம்பித்து வாரக்கணக்கில் பேசி, எதிரில் இருப்பவரைக் கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசில் பணம் போட வைத்து ஏமாற்ற வேண்டும். டார்கெட் வராத நாளில் அடி. இப்படி மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. 2023 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

உலகம் எப்போது அசைந்தது? 2025 ஜனவரியில் வாங் சிங் என்ற சீன நடிகரை இதே வழியில் கடத்தினார்கள். சில நாளில் மீட்டுவிட்டார்கள். சீன டூரிஸ்டுகள் தாய்லாந்துப் பயணத்தை ரத்து செய்ய ஆரம்பித்ததும் பாங்காக்குக்கு வலித்தது. பிப்ரவரி 5ஆம் தேதி எல்லையில் ஐந்து இடங்களுக்கு மின்சாரம், இன்டர்நெட், டீசல் எல்லாம் கட். அத்தனை வருஷமும் அந்தக் கட்டடங்களில் எரிந்த லைட்டுக்குக் கரண்ட் கொடுத்ததே தாய்லாந்துதான் என்பதை யோசித்துப் பாருங்கள். முகாம்காரர்கள் ஜெனரேட்டரையும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட்டையும் வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். இருந்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். மார்ச் 10, 11 தேதிகளில் நம் விமானப்படை 283 பேரையும் 266 பேரையும் மே சோட்டிலிருந்து கூட்டிவந்தது. தம்பி அதில் ஒருவன்.

வந்தவனை ஊர் எப்படிப் பார்த்தது? "ஆசைப்பட்டுத்தானே போனான், ஊர்ப் பணத்தை ஏமாத்தினவன்தானே." டீக்கடையிலும் இதே பேச்சு, விசாரித்த அதிகாரியும் இதையேதான் கேட்டாராம். 2000இல் ஐ.நா.வில் நிறைவேறி பலெர்மோவில் கையெழுத்துக்கு வைத்த ஆள்கடத்தல் ஒப்பந்தம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. இந்தியாவும் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம்தான் அது. பணத்தை இழந்த பெரியவர், டைப் அடித்த பையன் இரண்டு பேருமே பாதிக்கப்பட்டவர்கள்தான். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

பெரிய தலைகள் மீதும் கை வைக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2025 அக்டோபரில் இதே மாதிரி மோசடி முகாம்களை நடத்தியதாகக் கம்போடியாவின் பிரின்ஸ் குரூப் கம்பெனித் தலைவர் சென் ஜி மீது வழக்குப் போட்ட அமெரிக்கா, சுமார் 1,27,000 பிட்காயினை முடக்கியது. அன்றைய மதிப்பில் 1,500 கோடி டாலர். முகாமில் அடி வாங்கி உட்கார்ந்திருந்த பையன்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு உண்டா என்று யாரும் பேசக் காணோம்.

எனக்குக் கோபம் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்டாக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது. தம்பியிடம் வாங்கியது ஒன்றரை லட்சம், அம்மாவின் நகையை அடகு வைத்து. அந்த ஆள் இன்றைக்கும் ஊருக்குள் அதே புல்லட்டில்தான் சுற்றுகிறான்.

போன வாரம் இன்னொரு பையன் வந்தான். இந்த முறை கம்போடியா. "லைசென்ஸ் நம்பர் எங்கே, போன் போட்டுக் கேள்" என்றேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான், அந்தப் பக்கம் கட் பண்ணிவிட்டார்கள். பையன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் போய் பிரிண்ட் எடுத்துக்கொண்டான்.