அலையில் விழும் கட்டங்களுக்கு பிளர் தீர்வல்ல

16 ஷாட் பிக்சல் ஷிஃப்ட்டில் (சென்சாரை நுண்ணளவில் நகர்த்தி எடுத்த 16 ஷாட்களை ஒரே பெரிய படமாகச் சேர்க்கும் முறை) எடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகப் படத்தில் அலை மேல் தெரியும் சிறு சதுரக் கட்டங்களை லேசாக பிளர் செய்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாதுங்க. ஷாட்டுக்கு ஷாட் தண்ணீர் நகர்வதால் வரும் பொய் விவரம் அது, பிளர் செய்தாலும் கறையாக நிற்கும். அந்த 16 ஷாட்களில் ஒரே ஒரு ஃபிரேமை எடுத்து, அதே ஒயிட் பேலன்ஸில், ஷார்ப்பனிங் இல்லாமல் டெவலப் செய்து, நீள அகலத்தை 200% பெரிதாக்குங்கள். 16 ஷாட் படத்துக்கு மேல் லேயராக வைத்து, டிஃபரன்ஸ் மோடில் (இரு லேயரும் வேறுபடும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்) கல் விளிம்புகளைப் பொருத்தி, மோடை நார்மலுக்கு மாற்றிவிட்டு, மாஸ்க்கில் தண்ணீரை மட்டும் திறக்கவும். கட்டிப்போட்ட விசைப்படகும் ஆடும்! அதன் கயிறு, கொடி எல்லாம் அந்த ஒற்றை ஃபிரேமிலிருந்துதான் வர வேண்டும். தூண்டில் வளைவுக் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கற்களுக்கு மட்டும் 16 ஷாட் படம். ஒற்றை ஃபிரேமில் நாய்ஸ் கூடுதலாக இருக்கும், அதனால் கல் பகுதியில் மெல்லிய கிரெய்ன் சேர்த்தால் ஒட்டுத் தெரியாது.