பெரிய வடிகால் கட்டினால் தீர்ந்துவிடுமா?

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எங்கள் தெருவின் கடைசி மூன்று வீடுகளுக்கு முன்னால் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வடிகாலைப் பெரிதாகக் கட்டினால்தான் விடிவு என்று மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பத்து வருடத்துக்கு முன்பு இதே போன்ற மழைக்கு இப்படித் தண்ணீர் நின்றதில்லை. வடிகால் அன்றும் இதே அகலம்தான். மாறியது நம் முற்றங்கள். அன்று பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மண்தரை இருந்தது. இன்று மதிலிலிருந்து மதில் வரை சிமெண்ட். என் வீடும் அப்படித்தான்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். நாற்பது வீடு என்றால் 2 லட்சம் லிட்டர், அதுவும் மாடியில் விழுந்தது மட்டும். மண்ணும் புல்லும் இதில் நல்ல பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் ஏறக்குறைய அத்தனையையும் வெளியே அனுப்பிவிடும்.

அளவைவிட நேரம்தான் முக்கியம். புல்லுக்குள் தயங்கித் தயங்கி வரும் தண்ணீர் வடிகாலுக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். குழாய் வழியாக இறங்கிச் சிமெண்ட் வாட்டத்தில் ஓடும் தண்ணீருக்குச் சில நிமிடங்கள் போதும். எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே சமயத்தில் ஒரே வாய்க்கு வந்தால் எந்த வடிகால் தாங்கும்? தூரத்து மூலையில் விழுந்த மழை வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் வடிகாலில் அதிகபட்சமாக எவ்வளவு தண்ணீர் பாயும் என்பதைக் கணக்கிட வேண்டும் என்று அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-லேயே எழுதிவிட்டார். அந்த நேரத்தை நாம் ஆளுக்கொரு கை போட்டுச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். வடிகாலைப் பெரிதாக்கினால் தண்ணீர் இன்னும் வேகமாகப் போய் அடுத்த தாழ்வான தெருவில் நிற்கும். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இன்று குடை பிடித்துக்கொண்டு வடிகால் வாய்க்குப் போய்ப் பார்த்தேன். இரும்புச் சல்லடைமேல் சருகு மெத்தைபோல் படிந்திருந்தது, நடுவில் ஒரு பாலித்தீன் பை விரித்துப் போட்டதுபோல ஒட்டிக்கிடந்தது. நீளக் கம்பியால் இழுத்துப் போட்டதும் களக்கென்று சத்தம், ஒரு சுழி விழுந்தது. கடைசி வீட்டின் வாசற்படியில் ஒரு படி மெல்ல வெளியே தெரிந்தது. (தண்ணீருக்குள் கையை விடாதீர்கள், இறங்காதீர்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் மூடி திறந்திருந்தால் உயிர் போய்விடும்.) அந்த வீட்டு அம்மா வாசலில் நின்றபடி கேட்டார்: "எல்லாரும் மண் கொட்டி மனையை உயர்த்திக்கொண்டார்கள். நான் என் வீட்டை எங்கே தூக்கி வைப்பது, தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை.

மனையை உயர்த்துகிறவர் தன் பங்குத் தண்ணீரைத் தன் எல்லைக்குள்ளேயே அடக்க வழி செய்துவிட்டு உயர்த்தட்டும். சாலை போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேட்போம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாலை ஏறும், வீடு தாழும். மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்திருப்பவர்கள் தயவுசெய்து உடனே பிரித்துவிடுங்கள். உங்கள் மாடித் தண்ணீர் அந்த அம்மாவின் குளியலறை வழியாகக் கழிவோடு மேலே வருகிறது.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி நல்லதுதான், ஆனால் தோண்டி மூடிவிட்டு மறந்துவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் வண்டல் அடைத்துவிடும். மழைக்கு முன் ஒருமுறை தூர்வார வேண்டும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். களிமண் நிலத்தில் குழியில் ஊறாது. அங்கே தொட்டியில் பிடித்துவைத்து, மழை ஓய்ந்த பிறகு மெல்லத் திறந்துவிடுவதுதான் வழி. கொசு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: புழு கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். குழியோ, தண்ணீர் தேங்கி ஊறுவதற்காகத் தாழ்வாக வெட்டிய பள்ளப் பாத்தியோ இரண்டு நாளில் வற்றினால் அந்தப் பயம் வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை என் முற்றத்தில், சுவரிலிருந்து தள்ளி, ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமெண்டை உடைக்கப்போகிறேன். மாடிக் குழாயை அந்தப் பக்கம் திருப்பப்போகிறேன். கடப்பாரை வைத்திருப்பவர்கள் வாருங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு நான் வருகிறேன்.