பெயரை மாற்றினால் படம் ஓடாது

அண்ணா, எம்கேவி வீடியோ கோப்பின் கடைசி மூன்று எழுத்தை ஏவிஐ என்று மாற்றினால் பழைய டிவிடி பிளேயரில் ஓடும் என்கிறீர்கள். அது பிழை. எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோடெக். பால்மா டின்னில் மிளகாய்த்தூளைப் போட்டால் அது பால்மா ஆகிவிடுமா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பிளேயரில் அக்காவின் கலியாண வீடியோவை நானும் இப்படிப் போட்டுப் பார்த்தேன். கோப்பின் பெயர் திரையில் வந்தது, பிளே அழுத்தினால் ஒன்றுமில்லை. அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். உள்ளே இருந்தது எச்.264 என்ற கோடெக். முன்பக்கத்தில் டிவ்எக்ஸ் குறி உள்ள பழைய பிளேயர்கள்கூட பெரும்பாலும் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற பழைய கோடெக்குகள் வரைதான் வாசிக்கும்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் கோப்பைத் திறந்து கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்துங்கள், கோடெக் விவரம் வரும். அப்புறம் டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் PAL என்ற டிவி முறை, 720×576 பட அளவு தெரிவுசெய்து டிவிடி பிளேயர்கள் வாசிக்கும் எம்பெக்-2 கோடெக்கில் டிவிடியாகவே எழுதுங்கள். கோப்பை அப்படியே டிஸ்க்கில் கொப்பி பண்ணினால் அது வெறும் கோப்பு வைக்கும் டேட்டா டிஸ்க்தான். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழிக்க வேண்டாம்.