புகை அடங்கிய தணல் பாதுகாப்பானதா?

குளிரும் ஈரமும் மிகுந்த மலைப்பகுதிகளில் வசிப்பவர்களுக்கென ஒரு யோசனை பரவி வருகிறது. கரி கனன்று புகை அடங்கியதும் அதை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தூங்கலாமாம்; சுவர் ஈரமும் குறையுமாம். அருகில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் நச்சுவாயுவை அது உறிஞ்சிவிடுமாம்.

இது உயிரைப் பறிக்கக்கூடிய பொய். கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கினாலும், தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது ஒட்டிக்கொள்ளும். உயரமான இடங்களில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் பாதிப்பும் கூடும். தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் பலர் குளிரையே குற்றம் சொல்கிறார்கள். தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை நம்பவும் முடியாது. இந்த நச்சு ஏறிய ரத்தத்தையும் அது இயல்பானது என்றே காட்டக்கூடும்.

தண்ணீர்ப் பாத்திரத்தால் பயனில்லை, இந்த வாயு நீரில் மிகச் சொற்பமாகவே கரையும். சுவர் ஈரத்தைக் குறைக்கவும் காற்றோட்டம்தான் வேண்டும்.

படுக்கும் முன் தணலை வெளியே எடுத்துவிடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.