அந்தக் கூடத்தில் மாடிப்படி எதற்கு?

பணக்காரக் குடும்பத்து சீரியல் என்றால் கூடத்தின் நடுவில் ஒரு மாடிப்படி இருந்தே தீரும். வளைந்து வளைந்து இறங்கும், கைப்பிடியில் தங்க நிறப் பூச்சு மின்னும். அதில் யாரும் வேலையாக ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. மேல்படியில் நின்று கீழே இருப்பவர்களை அதட்ட, பாதிப் படியில் நின்று ஒட்டுக்கேட்க, கர்ப்பிணி மருமகளை உருட்டிவிட. இவ்வளவுதான் அதன் பயன். நாலறை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு ஒட்டுக்கேட்கப் படி எதுவும் தேவைப்படாது. ரைஸ் குக்கர் பக்கத்தில் சும்மா நின்றாலே போதும்.

எங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நன்கு படித்த நண்பர் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். பணக்கார வாழ்க்கை வாய்க்காத ஏக்கத்தில்தான் நம் பெண்கள் இந்த சீரியல்களைப் பார்க்கிறார்களாம். (அவர் வீட்டில் எட்டு மணி ஆனால் ரிமோட்டை யார் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.) நானும் பார்க்கிறவள்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஏக்கக் கதை எனக்கு ஒருநாளும் ஒட்டியதில்லை.

பணத்தை வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் சிங்கப்பூரில் டிவி எதற்கு? புக்கிட் தீமா பக்கம் பஸ்ஸில் ஒரு சுற்று போனால் போதும். 'குட் கிளாஸ் பங்களா' என்று அரசாங்கமே பெயர் வைத்து 39 வட்டாரங்களை வகுத்திருக்கிறது. அங்கே ஒரு மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அரசாங்கம் புதிதாகக் கட்டும் நாலறை வீவக அடுக்குமாடி வீடு சுமார் 90 சதுர மீட்டர். அதாவது ஒரு மனைக்குள் நம் வீட்டைப் பதினைந்து முறை விரித்துப் போடலாம். சரி, அந்தத் தெருக்களில் இறங்கி நடந்து பாருங்கள். உயரமான கேட், அடர்ந்த வேலி, உள்ளே எங்கோ ஒரு நாய். ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். வெறும் பங்களாவைப் பார்த்துக்கொண்டு யாராலும் அரை மணி நேரம் உட்கார முடியாது.

அந்தப் பணம் கதையில் செய்யும் வேலையே வேறு என்பது என் கட்சி. முதலில், அது அன்றாடத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறது. அந்த வீட்டில் யாரும் எம்ஆர்டி பிடிக்க ஓடுவதில்லை, பிள்ளையை டியூஷனில் விடுவதில்லை, பாலிகிளினிக்கில் எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பதில்லை. காலை பதினொரு மணிக்குக் குடும்பம் மொத்தமும் கூடத்தில் நிற்கிறது. மிஞ்சுவது உறவு மட்டும்தான். யாருக்கு யார் மேல் கோபம், யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யார் யாரை விட்டார்கள். அப்புறம், அந்தச் சொத்து யாரையும் வெளியே போக விடுவதில்லை. சாதாரண வீட்டில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டால் ஒருவர் ஜூரோங்குக்கும் இன்னொருவர் ஈசூனுக்கும் குடிபோய், தீபாவளிக்கு மட்டும் பார்த்துக்கொள்வார்கள். கதை அதோடு முடிந்துபோகும். கம்பெனியில் பங்கு இருந்தால் அப்படிப் போக முடியாது. பரம எதிரியோடு ஒரே மேசையில் இட்லி சாப்பிட்டாக வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை அமெரிக்காக்காரர்கள் 1978ஆம் ஆண்டே பிடித்துவிட்டார்கள். 'டல்லஸ்' நினைவிருக்கிறதா? டெக்சஸ் எண்ணெய்க் குபேரர் குடும்பம். நினைத்தால் ஆளுக்குப் பத்து வீடு வாங்கலாம். ஆனால் அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், அவர்கள் மனைவிமார் எல்லாரும் சவுத்ஃபோர்க் என்ற ஒரே பண்ணை வீட்டில் சேர்ந்துதான் காலை உணவு சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் எந்தக் கோடீஸ்வரன் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு அம்மா வீட்டில் இருந்திருக்கிறான்? தொப்பி மாட்டிய கூட்டுக் குடும்பம் அது! எண்பதுகளில் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நம் அத்தைகளும் சித்திகளும் அதை விடாமல் பார்த்தார்கள் என்றால், அதில் அவர்களுக்குப் புரியாதது ஒன்றும் இல்லை.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். தமார் லீப்ஸ், எலிஹு காட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இஸ்ரேலில் பலதரப்பட்ட மக்களைச் சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்து 'டல்லஸ்' போட்டுக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஓர் அத்தியாயத்தில் அந்தக் குடும்பத்து மூத்த மகன் ஜே.ஆரின் மனைவி சூ எலன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். போய்ச் சேர்வது பழைய காதலனின் வீட்டுக்கு. அரபுக் குழு ஒன்று மட்டும் அவள் தன் அப்பா வீட்டுக்குப் போனதாகச் சொன்னது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மாமியாரும் அப்படியேதான் சொல்லியிருப்பார். கோபித்துக்கொண்ட பெண் குழந்தையோடு வேறு எங்கே போவாள்? படத்தில் ஒன்று ஓடும், பார்க்கிறவர் மனதில் தன் வீட்டுக் கதை ஓடும்.

அதே 'டல்லஸ்' ஜப்பானில் எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாப் பணக்காரனும் விலைபோவதில்லை.

ஜே.ஆரை யாரோ சுட்டார்களே, அதில் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று உண்டு. தென்கிழக்காசியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்காக ஜே.ஆர். குடும்ப வீட்டையே அடகு வைத்தான். அந்தக் கிணறுகளை அந்த நாட்டு அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்ததும், பங்கைத் தன் கூட்டாளிகள் தலையில் கட்டிவிட்டான். அவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1980 மார்ச்சில் அவன் மேல் குண்டு பாய்ந்தபோது சந்தேகப் பட்டியல் நீண்டு கிடந்தது: கூட்டாளிகள், மனைவி, மைத்துனி. யார் சுட்டது என்று நவம்பரில்தான் சொன்னார்கள். அந்த இரவில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 கோடியே 30 லட்சம் பேர் டிவி முன்னால் இருந்தார்கள். சுட்டது மைத்துனி கிறிஸ்டின். குற்றவாளி குடும்பத்துக்குள்ளேயே இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வெளியாள் சுட்டிருந்தால் அது வெறும் போலீஸ் கதை.

அடுத்து வந்த 'டைனஸ்டி' அகன்ற தோள்பட்டை உடைகளாலும் நகைகளாலும் ஜெயித்தது என்பார்கள். உடையும் நகையும் முதல் பருவத்திலேயே இருந்தன. அப்போது அது சுமாராகத்தான் ஓடியது. வீட்டுத் தலைவரின் முதல் மனைவி அலெக்சிஸாக 1981இல் ஜோன் காலின்ஸ் வந்து இறங்கிய பிறகுதான் வண்டி வேகம் பிடித்து, 1984-85 பருவத்தில் அமெரிக்காவிலேயே முதலிடத்துக்குப் போனது. நல்லவர்கள் பட்டு உடுத்தினால் அது கல்யாண ஆல்பம். கெட்டவள் உடுத்தினால்தான் கதை.

நம் பக்கத்தில் இந்த வித்தையில் கைதேர்ந்தவர் என்று நான் நினைப்பது இயக்குநர் திருச்செல்வத்தை. 'கோலங்கள்' 2003இலிருந்து 2009 வரை ஓடியது. அபி கட்டுமானத் தொழில் செய்கிறவள். அவளை ஒழித்துக்கட்ட நிற்கும் ஆதி, அவள் அப்பாவின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. தொழில் போட்டி, ரத்த உறவு இரண்டையும் ஒரே கயிறாகத் திரித்ததால்தான் அத்தனை வருடம் இழுக்க முடிந்தது. அதே மனிதர் 2022இல் 'எதிர்நீச்சல்' கொண்டுவந்தார். படித்த மருமகள்கள் நாலு பேர், சமையற்கட்டை விட்டு வெளியே வரக்கூடாத ஒரு வசதியான வீடு, வீட்டை ஆட்டிப்படைக்கும் ஆதி குணசேகரன். அந்த வீட்டின் அச்சாணி எது? அப்பத்தாவிடம் இருந்த 40 சதவீதப் பங்கு. ஒரு கிழவியின் கையெழுத்துக்காகக் குடும்பமே குட்டிக்கரணம் போட்டதை மாதக்கணக்கில் பார்த்தோம். தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூட "நாற்பது என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டோம். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அதுவரை தினமும் அவரைத் திட்டித் தீர்த்த பெண்கள்தான் அதிகம் அழுதார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் அப்பா சொத்து என்றால் பெரும்பாலும் என்ன? 99 வருடக் குத்தகையில் ஒரு வீவக வீடு. பிள்ளை பெயரில் ஏற்கெனவே ஒரு வீவக வீடு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றை விட்டாக வேண்டும். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதிப் பணத்தை உயிலில் எழுதவே முடியாது. யார் பெயரை நியமனம் செய்தாரோ அவருக்குப் போகும். நியமனம் இல்லை என்றால் அரசாங்க அறங்காவலர் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார். மயக்க மருந்து கொடுத்து வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் மருமகனுக்கு இந்த ஊரில் வேலையே இல்லை!

ஆனால் சண்டை இல்லையா? இருக்கிறது. அம்மாவை யார் வைத்துக்கொள்வது, மருத்துவமனைக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, பணிப்பெண்ணின் சம்பளத்தை யார் கொடுப்பது. இவற்றை நாம் உரக்கப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று குரலைத் தாழ்த்துகிறோம். மிஞ்சிப்போனால் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவார். அவ்வளவுதான் நம் உச்சக்கட்டம். சீரியலில் அப்படி இல்லை. மூத்த மருமகள் கூடத்தின் நடுவில் நின்று, பத்து வருடம் தொண்டையில் வைத்திருந்ததை, பின்னணி இசையோடு, மூன்று கோணத்தில் சொல்லிவிடுகிறாள். எல்லார் முகத்தையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். நம் வீட்டில் நாம் பேசும்போது ஒருவராவது போனிலிருந்து தலை நிமிர்கிறாரா? எனக்கு அந்த வீட்டின் சரவிளக்கு மேல் பொறாமை இல்லை. அவள் பேசி முடிக்கும்வரை எல்லாரும் நின்று கேட்கிறார்களே, அதன் மேல்தான்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. எங்கள் புளோக்கில் ஒரு வீட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் வேலை செய்கிறார். அந்த வீட்டுப் பாட்டியோடு சேர்ந்து அவரும் சீரியல் பார்ப்பார், சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றபடி. நான் போயிருந்த ஒரு நாள், வில்லி நள்ளிரவில் பணிப்பெண்ணை எழுப்பிப் பால் கொண்டுவரச் சொல்கிறாள். பாலில் விஷம் கலப்பாளா மாட்டாளா என்று பாட்டியும் நானும் பதறிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: "இந்தம்மா எத்தன மணிக்குக்கா படுப்பாங்க? காலையில அஞ்சு மணிக்குக் காப்பியும் இவங்கதான குடுத்தாங்க?" எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றாத கேள்வி. நமக்கு அது எட்டாத பங்களா. அவருக்கு நம் நாலறை வீடே அந்தப் பங்களாதான், அங்கே அவருக்குக் கிடைத்த வேடமும் அதே வேடம்தான். ஏக்கம், பொறாமை என்று பேசுகிற அறிவாளிகள் யாரும் அந்த வாசலில் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த வகை சீரியல் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. இப்போது வருகிற பலவற்றில் பணம் வெறும் புடவையாகிவிட்டது. கம்பெனி என்ன செய்கிறது என்றே தெரியாது. 'நூறு கோடி டெண்டர்' என்று ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். தூங்கும்போதும் காஞ்சிபுரம் பட்டு. எல்லாக் கெடுதலையும் பெண்களே செய்வார்கள், ஆண்கள் நடுவில் திருதிருவென்று முழிப்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். 'மெட்டி ஒலி'யில் என்ன பங்களா இருந்தது, ஐந்து பெண்களைப் பெற்ற ஓர் அப்பாதானே? அதற்கும் தெருவே காத்திருந்தது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அங்கே சொத்து செய்கிற வேலையைச் சீர்வரிசையும் மாமியார் வீடும் செய்தன. அந்தப் பெண்களும் சட்டென்று எழுந்து போக முடியாதவர்கள்தான். கட்டிப்போட ஏதோ ஒரு கயிறு வேண்டும். பணம் இருப்பதிலேயே பளபளப்பான கயிறு.

உள்ளூரில் இதைச் சரியாகப் பிடித்தது 2008இல் எட்டாம் ஒளிவழியில் வந்த 'தி லிட்டில் நோன்யா' என்பேன். மலாய்ப் பழக்கவழக்கங்களோடு கலந்துபோன பெரானாக்கான் சீனர்களின் செல்வக் குடும்பங்கள், கெபாயா சட்டை, மணி கோத்த செருப்பு, அடுப்படியில் நடக்கும் அதிகாரப் போட்டி. 34 அத்தியாயம். சீனம் தெரியாத நாங்களும் அடியில் ஓடும் வசன எழுத்தைப் படித்துக்கொண்டே பார்த்தோம். நம் தமிழ் நாடகங்களில் பங்களா வந்தால் மட்டும் எனக்கு மனம் கதையில் நிற்பதில்லை. இதன் விலை என்ன, இரண்டாவது வீடாக வாங்கியிருந்தால் 20 சதவீதக் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்டினார்களா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன். சிங்கப்பூர்க்காரியின் சாபம்.

நம் தமிழ் ஒளிவழி வசந்தத்துக்கு எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பங்களாவை விடுங்கள். தோ பாயோவில் ஐம்பது வருடத்துக்கும் குறைவான குத்தகை மிஞ்சிய ஒரு நாலறை வீடு, மூன்று பிள்ளைகள், படுக்கையில் ஓர் அப்பா. திருமணம் செய்தால் பழைய சேம நிதி நியமனம் தானாகவே ரத்தாகிவிடும், ஆனால் விவாகரத்து செய்தால் ரத்தாகாது. அப்பா மனைவியை விவாகரத்து செய்து இருபது வருடம் ஆகிவிட்டது, மறுமணம் செய்யவில்லை, அவள் பெயர் இருக்கும் நியமனப் படிவத்தையும் மாற்றவில்லை. முதல் அத்தியாயத்தின் முடிவில் கதவு மணி அடிக்கிறது. முன்னூறு அத்தியாயத்துக்கு நான் பொறுப்பு. வில்லி யார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் கோபித்துக்கொள்வார்கள்.